நாற்பது கிலோ

நிலவறையில்தான் கட்டினேன்.
போர் வந்தால் பதுங்க என்று
குடியிருப்புக்கு அடியில் தோண்டி வைத்த காங்கிரீட் அறை;
இப்போதைக்குப் பனிச்சறுக்குக் கட்டைகளும்
யாருடையதோ ஒரு தொட்டிலும் அங்கே பதுங்கியிருக்கின்றன.
கதவின் அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர்,
சரித்தால் படகு வரும்.
அட்டையில் அதே அளவு வெட்டி
படிக்கட்டின் திருப்பம் வரை நடத்திப் பார்த்துவிட்டேன்.
படி பதினேழு.
எடையை மட்டும் நினைக்கவில்லை.

ஜனவரி. குவோபியோவில் ஏரிமேல் கார் ஓடிக்கொண்டிருந்தது.
மின்கட்டண ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
பிர்ச் பிளைவுட், ஆறரை மில்லிமீட்டர்,
பலகை ஒன்று பதினாலு கிலோ, மூன்று பலகை, நாற்பத்திரண்டு.
வெட்டி விழுந்த துண்டுகளைக் கயிற்றில் கட்டி
மீன் நிறுக்கும் கொக்கியில் தொங்கவிட்டேன்:
ஒன்பது. கழி.
விளிம்புக்கும் அடிக்கட்டைக்கும் இருக்கைக்கும் பைன் பன்னிரண்டு.
பிசின் ஐந்து, டப்பாவிலேயே இறுகிப்போனது நீங்கலாக.
பெயின்ட், திருகாணி, துடுப்பு மாட்டும் வளையம்
எல்லாம் சேர்த்து நாலு என்று வை.
ஐம்பத்து நாலு.

படியேறத் தலைக்குப் பதினெட்டு என்றால்
மூன்று தலை.
ஒன்று என்னிடம் இருக்கிறது.

பதினோரு வருடமாகக்
கதவுத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்து
படியில் ஆளரவம் அடங்கிய பிறகே வெளியே இறங்குகிறவள் நான்.
எதிர்வீட்டு என்சியோவும் அப்படித்தான்.
சில காலைகளில் இரண்டு பேரும்
ஆளுக்கொரு கதவின் பின்னால்
மூச்சைப் பிடித்து நின்றிருப்போம்,
மற்றவர் முதலில் போகட்டும் என்று.
அவரிடம் போய்க் கைகொடுங்கள் என்பதா?

ஆகவே இழைத்தேன்.
இருக்கையின் அடிப்பக்கத்தை, யாரும் பார்க்காத இடத்தை.
முட்டுகளில் துளை போட்டேன்,
முதலில் காசளவு, பிறகு காப்பிக் கோப்பையளவு.
பிப்ரவரி முழுக்க.
சீவலையெல்லாம் அள்ளிச் சமையல் தராசில் கொட்டினால்
முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
கேட்க வேண்டிய இரண்டு ஆட்களில்
ஒற்றைச் செருப்பு குறைந்தது.

ஏப்ரல் கடைசியில் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம்
என் படுக்கையறை வரை வந்தது.
குளியலறைத் தராசைக் கீழே கொண்டுபோய்
ஒரு முனையை அதன்மேலும்
மறுமுனையை அதே உயரச் செங்கல்மேலும் வைத்தேன்.
முன்பக்கம் இருபத்தேழு.
மாற்றி வைத்தேன். பின்பக்கம் முப்பத்தாறு.
அறுபத்து மூன்று.

நானே ஏறி நின்று சோதித்தேன்.
என் விஷயத்தில் தராசு பொய் சொல்லவில்லை.
கழித்துப் போட்ட ஒன்பது கிலோவும்
இரவோடிரவாகத் திரும்பி வந்து
ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.
ஏட்டுச் சுரைக்காய்க்குப் பிசினின் தாகம் தெரியுமா,
மூன்றாம் பூச்சு பூசும்போது
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்ற
என் கையைத் தெரியுமா?

சலவை அறை முறைப்பட்டியலுக்குக் கீழே
ஒரு சீட்டு ஒட்டினேன்.
சனிக்கிழமை பத்து மணி.
நிலவறையிலிருந்து படகு ஒன்று மேலே வர வேண்டும்.
இருவர் போதும். எடை நாற்பது கிலோ.
மார்யுக்கா, இரண்டாம் மாடி.
நாற்பது என்று எழுதும்போது
பேனா தயங்கக்கூட இல்லை.

என்சியோ கையுறையோடு வந்தார், பத்தாக இரண்டு நிமிடம் இருக்கையில்.
முதல் மாடி ஹோதன், இரவு வேலை முடிந்த நீலச் சீருடையிலேயே.
ஆஸ்பத்திரியில் பத்து வருடமாக
ஆட்களைத் தூக்கி, புரட்டி, உட்காரவைக்கிறவள்.
அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.
முதுகை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள்,
நான் எண்ணுகிறேன் என்றாள்.
எண்ணினாள்.

பதினோராம் படியில், திருப்பத்தில்,
படகின் மூக்கு சுவரைத் தொட நின்றோம்.
மூன்று பேரின் மூச்சும் காங்கிரீட்டில் முட்டித் திரும்பியது.
ஹோதன் என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
நாற்பதா?

பெயின்ட் என்றேன்.

மேலே, பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்த என்சியோ
முகம் சிவந்து, யோசித்து,
பதினோரு வருடத்தில் என்னிடம்
முதல் வாக்கியம் பேசினார்:
பெயின்ட் கனக்கத்தான் செய்யும்.

இன்னும் ஆறு படி.
அவள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.